வலைப்பதிவு: கூட்டம் கலைந்தது, வடிவம் நிற்கிறது

2002ஆம் ஆண்டில் ஒரு பந்தயம் கட்டப்பட்டது. ஒரு பக்கம், ‘ஸ்கிரிப்டிங் நியூஸ்’ என்னும் வலைப்பதிவை 1997 முதல் எழுதிவந்த டேவ் வைனர். மறுபக்கம், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இணையப் பிரிவுக்குத் தலைமை வகித்த மார்ட்டின் நிசென்ஹோல்ட்ஸ். 2007ஆம் ஆண்டின் முதன்மையான ஐந்து செய்திகளுக்குரிய சொற்களைக் கூகுளில் தேடினால், அந்த நாளிதழின் தளத்தைவிட வலைப்பதிவுகளே மேலே வரும் என்று வைனர் சொன்னார்; வராது என்றார் மற்றவர். ஐந்தாண்டுகள் கழித்து வைனர் வென்றார். ஆனால் தேடல் முடிவுகளை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது: பந்தயம் கட்டிய இரு தரப்பையும் தாண்டி விக்கிப்பீடியா பல இடங்களில் மேலே நின்றிருந்தது. 2001இல்தான் தொடங்கப்பட்டிருந்த அந்தக் கலைக்களஞ்சியம், பந்தயம் கட்டியபோது இருவர் கணக்கிலும் இருக்கவில்லை.

வலைப்பதிவு ஒரு தற்காலிக மோகமா, நிலைத்து நிற்கப்போவதா என்ற விவாதத்தைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பந்தயம்தான் நினைவுக்கு வருகிறது. வலைப்பதிவுகள் நாளிதழ்களை வீழ்த்திவிடும் என்றவர்களும், ஓரிரு ஆண்டுகளில் அவை இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்றவர்களும் ஒரே விதமாகத்தான் தவறினார்கள். வலைப்பதிவு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருந்ததை இரு சாராரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒன்று, 2002 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில் திரண்ட பெருங்கூட்டம். மற்றொன்று, தனி ஒருவர் தனக்குரிய முகவரியில், தேதியிட்டு, தன் விருப்பப்படி எழுதி வைக்கும் பக்கம் என்னும் எழுத்து வடிவம். முதலாவது மோகம்தான், அது முடிந்துவிட்டது, திரும்பவும் வராது. இரண்டாவது போகவில்லை, போவதற்கான காரணமும் எனக்குத் தென்படவில்லை.

முதலில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1999இல் பிளாகர் சேவை வந்தபிறகு, தளத்தைத் தாங்கும் கணினியான வழங்கியைப் பற்றியோ நிரல்மொழியைப் பற்றியோ எதுவும் தெரியாத ஒருவர்கூடச் சில நிமிடங்களில் ஒரு தளத்தைத் திறந்துவிட முடிந்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரின் முயற்சியில் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருள் வெளிவந்தது. 2004இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் அந்த ஆண்டின் சொல்லாக ‘பிளாக்’ என்பதையே தேர்ந்தெடுத்தது. எழுத வந்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அந்தச் சூட்டிலேயே, 2006 டிசம்பரில், கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பதிவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 கோடியில் உச்சம் தொட்டு அத்துடன் நின்றுவிடும் என்று கணித்தது. எழுதிப் பார்த்துவிட்டு விட்டுப்போனவர்கள் அப்போதே 20 கோடிப் பேர் என்றும் அது சொன்னது.

அந்த இரண்டாவது எண்ணைத்தான் வலைப்பதிவுக்கு எதிரான சான்றாகப் பலர் நீட்டினார்கள். எனக்கு அது ஒரு சான்றாகவே தோன்றியதில்லை. ஜனவரி முதல் தேதி டைரி எழுதத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் பிப்ரவரியைத் தாண்டுவதில்லை. அதனால் டைரி எழுதும் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று யாரும் முடிவுகட்டுவதும் இல்லை. நுழைவதற்குக் கட்டணமோ அனுமதியோ தேவைப்படாத எந்த இடத்திலும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களே அதிகம் இருப்பார்கள். அச்சு இதழுக்குக் கதை அனுப்பி, திரும்பி வந்ததும் எழுதுவதை விட்டவர்களை எவரும் எண்ணி வைத்ததில்லை. வலைப்பதிவில் மட்டும் அப்படிப்பட்டவர்களின் கடைசி இடுகை, ‘இனி அடிக்கடி எழுதுவேன்’ என்ற உறுதிமொழியோடு, எல்லோரும் பார்க்கும்படி அப்படியே கிடக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

உண்மையில் அந்தக் கூட்டத்தில் வந்தவர்களில் பலர் எழுதுவதற்காக வந்தவர்கள் அல்லர், பேசுவதற்காக வந்தவர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய வலைப்பதிவுகளைத் திறந்து பார்த்தால், இரண்டு வரி நலம் விசாரிப்பு, ஒரு புகைப்படம், படித்த கட்டுரைக்கு ஒரு சுட்டி, இன்னொரு பதிவருக்கு ஒரு கிண்டல், அதன் கீழே நீளமான பின்னூட்டங்கள் என்றுதான் பெரும்பகுதி இருக்கும். அவற்றுக்கெல்லாம் அப்போது வேறு இடம் இல்லாததால் அவை வலைப்பதிவில் வந்து தங்கியிருந்தன. 2006இல் ட்விட்டர் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபேஸ்புக் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நலம் விசாரிப்பும் சுட்டியும் கிண்டலும் தமக்குப் பொருத்தமான இடத்தைக் கண்டு அங்கே குடிபெயர்ந்தன. பிளாகரை உருவாக்கியவர்களில் ஒருவரான இவான் வில்லியம்ஸே ட்விட்டரைத் தொடங்கியவர்களிலும் ஒருவர் என்பதைப் பார்க்கும்போது, கூட்டம் எந்த வழியாக வெளியேறியது என்பது இன்னும் தெளிவாகிறது. அதே மனிதர் 2012இல் மீடியம் என்ற தளத்தைத் தொடங்கி, நீண்ட கட்டுரைகளுக்கு மறுபடியும் ஓர் இடம் தேடினார் என்பது இதன் சுவையான பின்குறிப்பு.

2008ஆம் ஆண்டு வயர்ட் இதழில், புதிதாக வலைப்பதிவு தொடங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது என்ற ஆலோசனையோடு ஒரு கட்டுரை வந்தது. பேச்சுத் துணை தேடியவர்களுக்கு அது நல்ல ஆலோசனைதான். ஆனால் ஒரு பொருளை ஆயிரம் சொற்களில் விளக்க வேண்டியிருந்தவருக்கு, நூற்று நாற்பது எழுத்துகளுக்குள் அடங்கவேண்டிய ஓர் இடத்தை மாற்றாகக் காட்டுவதில் என்ன பொருள் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எழுதுபவர்கள் குறைந்ததைவிட, வாசகர் வந்துசேரும் வழி அடைபட்டதுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலைப்பதிவின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் பின்னால் செய்தியோடை (ஆர்.எஸ்.எஸ்.) என்ற ஒரு சிறிய கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் அழகாக எதுவும் இருக்காது: இடுகையின் தலைப்பு, அதன் முகவரி, வெளியான தேதியும் நேரமும், உள்ளடக்கம், மீண்டும் அடுத்த இடுகையின் தலைப்பு என்று வரிசையாக வெறும் எழுத்துகள். என் கணினியில் உள்ள ஓடைவாசிப்பான், அதாவது பல தளங்களின் செய்தியோடைகளை ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள், குறிப்பிட்ட இடைவெளியில் அந்தக் கோப்பு இருக்கும் வழங்கியிடம் சென்று, ‘போன முறை வந்ததற்குப் பிறகு ஏதேனும் மாறியிருக்கிறதா?’ என்று கேட்கிறது. மாறவில்லையென்றால் வழங்கி 304 என்ற எண்ணைப் பதிலாக அனுப்புகிறது. இருவர் வேலையும் அத்தோடு முடிந்தது. மாறியிருந்தால் புதிய இடுகை என் பட்டியலில் தடித்த எழுத்தில் வந்து நிற்கிறது. இடையில் எனக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போடும் ஆள் யாரும் இல்லை. எழுதியவருக்கு நான் யார் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை, எழுதாமல் இருப்பவரிடத்தில்தான் வெளிப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் எதுவும் எழுதாத பதிவர்கள் என் பட்டியலில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காக நான் எதுவும் செய்யவேண்டியதில்லை. அவர்களை நீக்குவதற்கும் காரணம் இல்லை. திடீரென்று ஒரு காலையில், பழைய பெயர் ஒன்று தடித்த எழுத்தில் மேலே வந்து நிற்கும். நீண்ட நோய்க்குப் பின்னோ வேலை மாற்றத்துக்குப் பின்னோ அவர் மறுபடியும் எழுதியிருப்பார். இவ்வளவு நாள் மௌனமாக இருந்தவர் என்பதற்காக அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. சமூக ஊடகத்தில் இது நடக்காது. அங்கே சில வாரங்கள் பேசாமல் இருந்தவருடைய குரலை அடுத்த முறை பாதிப் பேர்கூடக் கேட்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2005இல் தொடங்கப்பட்டு, பெரும்பாலான வலைப்பதிவு வாசகர்களின் முதன்மையான ஓடைவாசிப்பானாக விளங்கிய கூகுள் ரீடர், 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. வேறு வாசிப்பான்கள் உடனே வந்தன. ஆனால் அவற்றுக்கு மாறியவர்கள் ஏற்கெனவே அக்கறையோடு இருந்தவர்கள் மட்டுமே. எஞ்சியவர்கள் அன்றோடு வலைப்பதிவு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள், அதுவும் நிறுத்துகிறோம் என்ற உணர்வே இல்லாமல். 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தன்னுள் இருந்த ஓடைவாசிப்பு வசதியை எடுத்துவிட்டது. ஆனால் தொழில்நுட்பம் சாகவில்லை. இன்று கோடிக்கணக்கானவர்கள் கேட்கும் பாட்காஸ்ட்கள் பெரும்பாலும் இதே செய்தியோடையின் வழியாகத்தான் விநியோகமாகின்றன. கேட்பவர்களுக்கு அதன் பெயர் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை.

வடிவத்துக்கு வருகிறேன். மற்ற எந்த இடத்திலும் செய்ய முடியாத எதை வலைப்பதிவால் செய்ய முடிகிறது என்று கேட்டால், நான் காட்ட விரும்பும் சான்று கணிதத்திலிருந்து வருகிறது. 2009 ஜனவரி இறுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் திமோதி கவர்ஸ், பெருந்திரளானவர்கள் ஒன்றுகூடி ஒரு கணிதச் சிக்கலைத் தீர்க்க முடியுமா என்ற கேள்வியைத் தம் வலைப்பதிவில் எழுப்பினார். அவர் எடுத்துக்கொண்ட அடர்த்தி ஹேல்ஸ்-ஜூவெட் தேற்றம் என்ற கணித முடிவு 1991இலேயே நிறுவப்பட்டிருந்தது. ஆனால் அந்த நிரூபணம் வேறொரு துறையின் கனமான கருவிகளைப் பயன்படுத்தியது. எளிய கருவிகளைக் கொண்டே அதற்கு ஒரு நிரூபணம் காண்பதுதான் அவர் முன்வைத்த பணி. விதிமுறை ஒன்றே ஒன்று முக்கியமானது: யாரும் தனியாக நெடுநேரம் யோசித்துவிட்டு முழுமையான விடையோடு வரக்கூடாது, அரைகுறையாகத் தோன்றுவதையும் உடனே எழுதிவிட வேண்டும்.

அடுத்து நடந்தவை அனைத்தும் பின்னூட்டங்களில் நடந்தன. ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. மற்றொரு கணிதவியலாளரான டெரன்ஸ் டாவ் தம்முடைய வலைப்பதிவில் ஓர் இணை விவாதத்தை நடத்தினார். 37 நாள்களில் 27 பேர் ஏறத்தாழ 800 பின்னூட்டங்களை எழுதியிருந்தார்கள். சிக்கலின் மையப்பகுதி தீர்ந்துவிட்டதாகக் கவர்ஸால் அறிவிக்க முடிந்தது. ஒருவர் தவறான பாதையில் சென்று திரும்பியதும், மற்றொருவர் அந்தத் தவறிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்து வேறிடத்தில் பொருத்தியதும் அங்கே அப்படியே பதிவாகியிருக்கின்றன. டி.எச்.ஜே. பாலிமாத் என்ற கூட்டுப் புனைபெயரில் எழுதப்பட்ட அந்தக் கட்டுரை 2012இல் ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் ஆய்விதழில் வெளிவந்தது. ஆய்விதழில் இருப்பது முடிவு. அந்த முடிவை எட்டிய விதம் வலைப்பதிவில் இருக்கிறது.

இதை ஃபேஸ்புக்கிலோ ட்விட்டரிலோ செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் தாமதமாக வந்தவர் முதலாவது பின்னூட்டத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வர வேண்டும். 312ஆவது பின்னூட்டத்தில் ஒருவர் சொன்னதைப் பத்து நாள் கழித்து இன்னொருவர் சுட்ட வேண்டும். அந்தச் சுட்டி பத்தாண்டு கழித்தும் அதே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தேதி, நிலையான முகவரி, அறுபடாத வரிசை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும். இவை மூன்றும் வலைப்பதிவில் தொடக்க ஆண்டுகளிலிருந்தே இருக்கின்றன. கவர்ச்சியே இல்லாத இந்த மூன்று இயல்புகளைத்தான் நான் வடிவம் என்று குறிப்பிடுகிறேன்.

அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். 2017 பிப்ரவரியில் பொறியாளர் சூசன் ஃபவுலர், ஊபர் நிறுவனத்தில் தமக்கு நேர்ந்த பாலியல் தொல்லையையும் அதை நிர்வாகம் கையாண்ட விதத்தையும் தம் சொந்தத் தளத்தில் நிதானமான நடையில் ஒரே இடுகையாக எழுதினார். எந்த ஆசிரியர் குழுவின் மேசைக்கும் அது போகவில்லை. நிறுவனத்தின் மீது விசாரணைகள் தொடங்கின. அதே ஆண்டு ஜூன் மாதம் அதன் தலைமைச் செயல் அலுவலர் டிராவிஸ் கலனிக் பதவி விலகினார். அந்த விலகலுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் அவற்றுக்கு ஒரு தொடக்கப் புள்ளியைச் சொல்ல வேண்டுமென்றால் எல்லோரும் அந்த இடுகையைத்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு, நிலைத்து நிற்பது என்ற சொல்லை நான் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. வடிவம் நிற்கிறது என்பதற்காகத் தனித்தனி வலைப்பதிவுகள் நிற்கின்றன என்று சொல்லிவிட முடியாது. தளங்களுக்கு இடமளித்த சேவைகளில் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, போஸ்டரஸ் 2013இல், இருபதாண்டுகளுக்கும் மேலாக இயங்கிய டைப்பேட் 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு நின்றுபோனது. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டு கழித்துத் தேடியபோது திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இலவசச் சேவையில் எழுதுபவருடைய ஆயுள் அந்தச் சேவையை நடத்துபவரின் விருப்பத்தைப் பொறுத்தது. சொந்தத் தளப்பெயரில் எழுதுபவருடைய ஆயுள், ஆண்டுக் கட்டணத்தை அவர் நினைவாகக் கட்டுவதைப் பொறுத்தது. எழுதியவர் இறந்துவிட்டால் அந்தக் கட்டணத்தைக் கட்டுபவர் யார் என்ற கேள்விக்கு இன்னும் ஒழுங்கான விடை இல்லை. நன்றாக எழுதிய எத்தனையோ பேருடைய தளங்கள் இன்று இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில், பாதிப் படங்கள் இல்லாமல், ஏதோ ஒரு நாளில் எடுத்த பிரதியாக மட்டுமே இருக்கின்றன. வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டிலுமே வலைப்பதிவின் இடுகைகளை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை ஒரு முறையேனும் அழுத்திப் பார்த்த பதிவர்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

மின்மடல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் போன்ற சேவைகளில் எழுதப்படுபவை, தேதியும் நிலையான முகவரியும் பின்னூட்டமும் உடைய வலைப்பதிவுகளே. அவை மின்னஞ்சலிலும் வந்து சேர்கின்றன, சிலவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அடைபட்டுப்போன வாசகர் வழிக்கு மாற்றாக மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது அந்தச் சேவைகளை நடத்துபவர்களின் சாமர்த்தியம்.

தளங்கள் மறைந்துபோவதைவிடப் பெரிய சிக்கல் இப்போது தேடுபொறிகளின் பக்கமிருந்து வருகிறது. கடந்த இருபதாண்டுகளில் பெரும்பாலான வலைப்பதிவுகளுக்கு ஆள் கொண்டுவந்து சேர்த்தது கூகுள் தேடல்தான். ஒரு மென்பொருள் குறிப்பிட்ட பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிட்டால், அந்தச் செய்தியை அப்படியே தேடல் பெட்டியில் இடுகிறோம். எங்கோ ஒருவர் ஆறாண்டுக்கு முன் அதே பிழையோடு இரவெல்லாம் போராடி, தீர்வை நான்கு பத்திகளில் எழுதி வைத்திருக்கிறார். கீழே ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் ‘புதிய பதிப்பிலும் இது வேலை செய்கிறது, நன்றி’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று அந்த நான்கு பத்திகளை ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஏற்கெனவே படித்துவிட்டது. தேடியவருக்குத் தேடல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. எழுதியவரின் பக்கத்துக்கு அவர் போவதே இல்லை. புதிய பதிப்பில் அந்தத் தீர்வு வேலை செய்யாமல் போனால், அதைக் கீழே வந்து எழுதவும் ஆள் இருக்கமாட்டார்.

இதனால் ஒருவகை வலைப்பதிவுகள் அழியும். தேடுபொறிக்காகவே எழுதப்பட்டவை, ‘சிறந்த பத்து’ என்று தொடங்கி விளம்பரத்தில் முடிபவை, அனுபவம் ஏதுமில்லாமல் பிற தளங்களைத் திரட்டி எழுதப்பட்டவை எல்லாம் போனால் எனக்கு வருத்தம் இல்லை. அவற்றை இயந்திரமே எழுதிவிடும், எழுதிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் பிழைச்செய்திக்குத் தீர்வு எழுதியவரும் இதில் சேர்ந்து அடிபடுகிறார் என்பதுதான் சங்கடம். அவர் பணத்துக்காக எழுதவில்லை. யாருக்கோ பயன்பட்டது என்று தெரியவந்த அந்த ஒரு வரி நன்றிக்காகவே எழுதினார். அந்த வரியும் வராதபோது அவர் எவ்வளவு காலம் எழுதுவார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வலைப்பதிவு என்னும் வடிவத்துக்கு இதுவரை வந்த போட்டிகளில், எழுதுபவருக்கு வேறிடம் காட்டிய எதையும் நான் பெரிதாக எண்ணவில்லை. அவரை வாசகரிடமிருந்து பிரிக்கும் இந்த மாற்றத்தை அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை.

என் எதிர்பார்ப்பு இது. அடுத்த பத்தாண்டில் புதிதாக வலைப்பதிவு தொடங்குபவர்கள் இன்னும் குறைவார்கள். தொடங்குபவர்களில் நிலைப்பவர்களின் விகிதம் சற்றுக் கூடும், ஏனென்றால் கூட்டத்தோடு வருபவர்கள் இனி வேறு எங்கோ போவார்கள். தகவலை மட்டும் தருபவை மெலியும். ஒருவர் தாம் செய்து பார்த்ததையும், தாம் யோசித்த வழியையும், ஒரு முடிவுக்கு வந்த காரணத்தையும் சொல்பவை தங்கும். வாசகர்கள் தேடுபொறியின் வழியாக வருவது குறைந்து, ஒரு பதிவர் இன்னொரு பதிவருக்குக் கொடுக்கும் சுட்டியின் வழியாகவும் செய்தியோடையின் வழியாகவும் வருவது மறுபடியும் முதன்மை பெறும். 1999இல் வலைப்பதிவுகள் பெரும்பாலும் அத்தகைய சுட்டிகளின் வழியாகத்தான் வாசிக்கப்பட்டன. அன்று எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு வாசகர்கள் குறைவுதான், அவர்கள் எழுதாமல் இருந்துவிடவில்லை.